என் பங்குக்கு வேலி வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வேண்டாம் அப்பா, எனக்கென்று மலைச்சரிவில் தனிப் பங்கு பிரிக்காதீர்கள். அண்ணன்கள் ஐந்து பேருக்கும் எல்லைச்செடி நட்டபிறகு மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கும் அகலம்தான். அதையும் கிளாவேர் அண்ணனுக்கே கொடுங்கள். அவனுக்கு ஏழாவது பிள்ளை பிறக்கப்போகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் நலம். இங்கே புஜும்புரா நகரத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பறை போதாமல் பள்ளியை மூன்று வேளையாக நடத்துகிறோம். நேற்று வகுத்தல் கணக்கு கொடுத்தேன்: ஒரு வயல், ஆறு பிள்ளைகள், ஆளுக்கு எவ்வளவு?

ஒரு சிறுமி எழுந்தாள். "அந்தத் துண்டுல என்ன டீச்சர் விளையும்? அஞ்சு பேரு இங்க வந்துருவாங்க. எங்கப்பா அப்படித்தான் வந்தாரு. இன்னும் வேலை கிடைக்கல."

"அப்போ விடை புஜும்புராதான் டீச்சர்!" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

லாரியில் கொஞ்சம் வள்ளிக்கிழங்கு அனுப்புங்கள். நம் மண்ணின் வாசனைக்காக, ஒட்டிய மண்ணைத் தட்டாமல் அனுப்பச் சொல்ல நினைத்தேன். வேண்டாம், நன்றாகத் தட்டிவிட்டே அனுப்புங்கள். அந்த மண்ணும் அங்கே தேவைப்படும்.

இதற்குள் மூன்றாம் வேளைப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் மகள்,
குளோரியோஸ்