சத்தம் போடாத பிள்ளை

ஜூன் 9, திங்கள்

டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பேத்தியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று இஸ்திரி போட்டதை உடுத்திக்கொண்டு போனேன்.

"சிட்டு வந்து மூணு வாரமாச்சு பாட்டி. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலை."

"வளர்ப்பு அப்படிம்மா. நாலு வயசுதான். வீட்ல இருக்கிற இடமே தெரியாது."

டீச்சர் சிரிக்கவில்லை. "விளையாடவும் மாட்டேங்கிறா" என்றார்.

விளையாடுவதற்கா பள்ளிக்கூடம்? நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஐந்து வருஷமும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மகனிடம் சொன்னேன். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. கட்டிலில் சாய்ந்தபடி, "முன்னாடியெல்லாம் வாயை மூடவே மாட்டாளேம்மா" என்றான். மூச்சு வாங்கியது. பேச்சை விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள் என்று டீச்சர் சொன்னதால் போனேன். முழங்கால் உயரம்கூட இல்லாத நாற்காலி. உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியுமா என்ற பயம் வேறு.

ஒரு மூலையில் அட்டைப்பெட்டி, ஓட்டைப் பாத்திரம், பெரியவர்களின் பழைய சட்டைகள். ஒரு பையன் சல்லடையை ஸ்டியரிங் மாதிரிச் சுழற்றி பஸ் ஓட்டினான். "அது சல்லடைப்பா" என்றேன். டீச்சர் என் காதருகே வந்து, "திருத்தாதீங்க பாட்டி. இந்த மூலைக்குப் பெரியவங்க பெரியவங்களா வரக்கூடாது. பயணியா வரலாம், கடைக்காரரா வரலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே பையை மாட்டிக்கொண்டு, "மார்க்கெட் போகுமா?" என்று கேட்டு ஏறினார். "போகாது. பஸ்ஸுக்குக் காய்ச்சல்" என்றான் அந்தப் பையன். "ஐயோ, மருந்து குடுத்தாச்சா?" என்கிறார் டீச்சர். படித்த பெண்!



சிட்டு சுவரோரம் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தனை பிள்ளைகளில் அவள் ஒருத்திதான் பிள்ளை மாதிரி இருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

நாளைக்கு மறுபடி வரச் சொல்கிறார்கள். அந்த மூலையை ஆஸ்பத்திரியாக மாற்றியிருக்கிறார்களாம். நல்ல கூத்து.

ஜூன் 18, புதன்

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி மூலையைப் பார்த்ததும் சிட்டு தானாகவே எழுந்து போனாள். ஒரு பொம்மையைப் படுக்கவைத்தாள். அதன் நெஞ்சில் சிவப்புப் பென்சிலால் நீளமாக ஒரு கோடு போட்டாள். கைக்குட்டையால் போர்த்தினாள். அப்பாவைப் பார்த்து எவ்வளவு கவனித்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமை. பக்கத்தில் நர்ஸாக நின்ற குட்டிப் பெண் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். சிட்டு பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாத! சத்தம் போட்டா அப்பா செத்துடுவார்!"

பள்ளியில் சேர்ந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

டீச்சர் அதட்டவில்லை. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி மண்டியிட்டார். "டாக்டரம்மா, யார் அப்படிச் சொன்னாங்க?"

சிட்டு விரலை நீட்டினாள். "பாட்டி."

ஐயோ. நான்தான். நானேதான். அவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு இவ கட்டில்ல ஏறிக் குதிச்சா. பயத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன் – இல்லை, பொய் எழுதக்கூடாது. முதல் தடவைதான் வாய் தவறி. அடங்கிட்டாளே! அதனால தினமும் சொன்னேன். அப்பன் உயிரை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு இத்தனை நாளாத் திரிஞ்சிருக்கு அந்தப் பச்சை மண்ணு. அதை வளர்ப்புன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டேனே. நான் என்ன மனுஷி?

ஜூன் 19, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மருமகளிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க சொல்றது கேட்டு நானும் சொன்னேன் அத்தை. ரெண்டு தடவை. அவ அடங்கினது எனக்கும் வசதியா இருந்துது."

இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிறகு சிட்டுவைக் கூப்பிட்டு, "சத்தத்தால யாரும் சாக மாட்டாங்கடி, பாட்டி சொன்னது பொய்" என்றேன். தலையாட்டினாள். ஆட்டிவிட்டு நுனிக்காலில் நடந்து போனாள்.

டீச்சரிடம் போய் அழுதேன். "சொன்னா நம்ப மாட்டா. விளையாடிப் பார்த்தாத்தான் நம்புவா. நீங்க பேஷண்டா வாங்க" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

பாயில் படுத்தேன். டாக்டர் சிட்டு போர்த்திவிட்டாள். "உஷ்" என்றாள். அறை முழுக்கக் குசுகுசு.

"டாக்டரம்மா, இவ்வளவு அமைதியா இருந்தா எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துல யாராவது இருக்கீங்களான்னே தெரியலை."

யோசித்தாள். கரண்டியால் தட்டில் ஒரு தட்டு, மெதுவாக. உடனே என் நெஞ்சைப் பார்த்தாள். நான் நன்றாக மூச்சை இழுத்து விட்டேன். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

"செத்துட்டியா?"

"இல்லை டாக்டர்."

"இப்போ?"

"இல்லை டாக்டர்."

எல்லோரையும் கூப்பிட்டுக் கத்தச் சொன்னாள். பதினெட்டுப் பிள்ளைகள். காது அடைத்துவிட்டது. என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "ஓடுது" என்றாள்.

கண்ணீர் நிற்கவில்லை. "பேஷண்ட் அழக்கூடாது" என்று அதட்டினாள்.

ஜூலை 3, வியாழன்

வீட்டில் இன்னும் நுனிக்கால்தான். பகலில் மகன் சாப்பிட்ட தட்டைக் கீழே போட்டான். கை நழுவியதா, வேண்டுமென்றா – நான் கேட்கவில்லை. சிட்டு ஓடிப்போய் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

கீழ்வீட்டு அம்மா ஏறி வந்து கதவைத் தட்டினார். "ஒரு பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியாதா? தலை வலிக்குது!" என்று சத்தம். அவர் சொன்னதும் நியாயம்தான். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்கு மருமகள்தான் போய்ப் பதில் சொன்னாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் அப்போது யானை. முதுகில் ஆள் இருந்தது.