ஐஸ்வர்யாவுக்குப் போடவேண்டிய ஊசி

கடத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை கோகிலவாணிக்கு அக்கா கலைமணி எழுதுவது. பெங்களூரில் நீ நலந்தானே? நான் போனில் பேசும்போதெல்லாம் உன் மாமா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

என்னிடமிருந்து வெட்டியெடுத்த சதையில் ஒரு துண்டை உன் ஆராய்ச்சிக்குக் கேட்டாய். கொடுத்தேன். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கின்றன, அவற்றில் சில பிரேக் மாதிரி, அவை குறைந்தால் கட்டி வளர்ந்து மற்ற இடத்துக்கும் பரவும் என்று விளக்கினாய். நன்றாகவே புரிந்தது. எட்டு வருடமாக எனக்கு வந்திருக்கும் இதே கர்ப்பப்பை வாய்ப் புற்றைத்தான் படிக்கிறாய். பொங்கல் தவறாமல் வந்து என் கையால் சாப்பிட்டுப் போனாய். ஒரு தடவைகூட, “அக்கா, நீ டெஸ்ட் எடுத்தியா?” என்று கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

என் தப்பும் உண்டு. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டது. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். நம் வகையறாவில் மாவிளக்கு நான்தான் எடுக்க வேண்டும். தீட்டு என்று ஒதுக்கிவிடுவார்களே என்று மறைத்துக்கொண்டு எடுத்தேன். பிறகும் உதிரம் நிற்காதபோது சாமி குத்தம் என்று பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. இடுப்பு வலி தாங்காமல் டாக்டரிடம் போவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது.

இந்த நோய் வராமல் தடுக்கும் ஊசியை என் மகள் ஐஸ்வர்யாவின் பள்ளியில் போன வாரம் போட்டார்கள். உன் மாமா, “வயசுக்கு வந்த புள்ளைக்கு அந்த ஊசி எதுக்குங்க? நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?” என்று டீச்சரிடம் சொல்லி அவளைக் கூட்டிவந்துவிட்டார். ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்து நான் வீட்டில் படுத்திருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே அதைப் பெருமையாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முழுப்பரீட்சை லீவில் அவளை உன்னிடம் அனுப்புகிறேன். ஊர் பார்க்க என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பதின்மூன்று வயதுக்கு இரண்டு ஊசி, ஆறு மாத இடைவெளி என்றாயே. பெற்றவள் சம்மதம் என்று இரண்டு தாள் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது ஊசிக்கான தாளிலும் இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் தேதியை மட்டும் நீ நிரப்பிக்கொள்.

கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே. நீயும் போய் டெஸ்ட் எடுத்துக்கொள். நீயும் ஐஸ்வர்யாவும் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அக்கா,
கலைமணி