'நு' இன்னும் வரவில்லை

என் அன்பு றோசலின்,

இதை நானே எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய். நீ இருந்தவரை கரண்ட் பில்லும் மருந்துத் துண்டும் நீதான் வாசித்தாய். நீ போன பிறகு நம் சின்னவள் ஜெனி, இருமலுக்கும் இருமலுக்கும் இடையில், எனக்கு எழுத்துப் பழக்கினாள். ஒரு வரி எழுதி முடிக்க விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் உன் பெயரை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வடிவான பெயர் உனக்கு.

ஜெனிக்கு இப்போது படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. காலையும் மாலையும் நான்தான் முதுகில் தட்டிச் சளியைக் கிளப்புகிறேன். "அம்மாட கை வேற, உங்கட கை மீன் பெட்டி தூக்கின கை" என்கிறாள். எனக்கும் தோள் விட்டுப்போயிற்று, றோசலின். நீ எப்படி இத்தனை வருடம் தட்டினாய்?

கனடாவில் பெரியவள் மெறினா செய்யும் வேலை என்னவென்று நீ கேட்டுக்கொண்டே போனாய். எனக்கு இப்போதுதான் விளங்கியது. கொழுப்பால் கண்ணுக்குத் தெரியாத சின்ன உருண்டை செய்து, அதற்குள் மருந்தை வைக்கிறார்களாம்.

"அக்காவுக்கு முந்தியே கொழுப்புக் கூட" என்றாள் ஜெனி. "இப்ப அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்க."

ஜெனி பிறக்கும்போதே அவள் உடம்புக்குள் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அது நம் இருவரிடமிருந்தும் வந்தது என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? திருத்தி எழுதியதைத்தான் அந்த உருண்டை சுமந்துபோகிறது. நுரையீரலுக்குப் போக வேண்டும். ஊசியால் இரத்தத்தில் விட்டால் கல்லீரலுக்கே போய்விடுகிறதாம்.

பேலியகொடை மீன் சந்தையில் வாசிக்கத் தெரியாத எங்களுக்காகப் பெட்டியில் கடைக்கொரு நிறம் பூசுவார்களே, அதை மெறினாவிடம் போனில் சொன்னேன். "அப்பிடி ஒரு நிறம் பூசி அனுப்பு, பிள்ளை."

"அதைத்தான் அப்பா செய்யிறம். புதுசா இன்னொரு கொழுப்பும் சேர்த்துப் பார்க்கிறம். ஆனா இரத்தத்தில இறங்கின உடனே வேற என்னென்னவோ வந்து மேல ஒட்டுது. ஒட்டினது கல்லீரலுக்கு இழுத்துக்கொண்டு போகுது." பிறகு சொன்னாள், "களைச்சுப் போச்சு அப்பா."

போன கிழமை அவளிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. நானே வாசிக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் அனுப்புவாள். ஜெனிக்கு முதுகு தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். எலிகளுக்குக் கொடுத்த மருந்து என்று தொடங்கியது. அடுத்தது நீளமான சொல். எனக்கு ஒரு வியாதி, சொல்லின் வாலுக்கு வரும்போது தலை மறந்துவிடும். '...ரலில் போய்ச் சேர்ந்திருக்கு' என்று முடிந்தது.

"ஈரலுக்குப் போயிட்டுதாம், பிள்ளை" என்றேன். நம் வீட்டில் ஈரல் என்றால் நுரையீரல் ஒன்றுதானே.

அவள் அப்படியே திரும்பினாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு போனை வாங்கி வாசித்தாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நான் மறுபடி முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

"அப்பா, இது கல்லீரல். 'நு' எங்க? 'நு' வரேல்லையே."

தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நுரையீரலுக்குப் போனாலும் அது எலியின் நுரையீரல்தான், மனிதருக்கு வர இன்னும் வருடங்கள் ஆகும் என்று மெறினா முன்பே சொல்லியிருக்கிறாள். அத்தனை வருடம் ஜெனியிடம் இருக்கிறதா? இதை யாரிடம் போய்க் கேட்பது, றோசலின்?

அன்று பின்னேரம் ஜெனி ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நு எழுதிப் பழகுங்க. வரும்போது ஆளைத் தெரியணும்." தாள் நிறைய எழுதினேன். முதலில் எழுதியவை கோணல். கடைசியில் எழுதியவற்றைப் பார்த்து, "ம், பரவாயில்ல" என்றாள்.

இனி எந்தச் சொல்லையும் தலையிலிருந்தே வாசிப்பேன். அந்த எழுத்து வருகிற அன்று, போனை எடுத்துக்கொண்டு உன் கல்லறைக்கு வந்து, எழுத்துக் கூட்டி, உனக்குக் கேட்கும்படி வாசிப்பேன். அதுவரை காலையும் மாலையும் தட்டுவேன். தோள் போனால் மற்றக் கையால் தட்டுவேன்.

உன் மனுசன்,
நம் பிள்ளைகளின் அப்பா,
சூசை
கொட்டாஞ்சேனை