ஆறாவது மன்றாட்டு

அன்பான அம்மா,

காலையிலிருந்து சந்தோசத்தில் சாப்பாடே இறங்கவில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதி, குவைத்துக்குத் திரும்பும் மாமியிடம் கொடுத்து விடுகிறேன்.

இன்று நம் தேவாலயப் பூசைக்கு அமைச்சர் வந்திருந்தார். மன்றாட்டு வாசித்தது நான். பங்குச் சபை எழுதித் தந்த ஐந்து மன்றாட்டில் ஒன்று அவருடைய சுகத்துக்கு. அரிப்பு ஊருக்குப் போகும் வழியில், கடலோரம் குடியேறிய மலையகச் சனத்தின் பதினொரு வீடுகளை விடுதி கட்ட அவர் எடுக்கப்போவது எல்லோருக்கும் தெரியும். தாளில் அது இல்லை.

ஐந்தையும் வாசித்துவிட்டு, ஆறாவதை நானாகச் சொன்னேன். "கடலோரக் குடும்பங்களை அவர்களின் வீடுகளிலிருந்து யாரும் எழுப்பாதிருக்க வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

சனம் வழக்கம்போல ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. முன்வரிசையில் கைகூப்பி நின்ற அமைச்சரும் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருடைய முகம் மாறியது.

வாசலில் ராக்கம்மா அக்கா அவரை மறித்தார். அந்தப் பதினொரு வீட்டில் ஒன்று அக்காவுடையது.

"ஐயா, நீங்களுந்தானே சாமிகிட்ட கேட்டீங்க. சாமி யாருகிட்ட சொல்லும்? உங்ககிட்டதானே?"

பாதர்கூடச் சிரித்துவிட்டார்.

"ஒருத்தரையும் எழுப்ப மாட்டம்" என்றார் அமைச்சர்.

"எழுதித் தாங்க."

என் மன்றாட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். பேனை என்னுடையது. அதைத் திருப்பித் தரும்போது என் பெயரைக் கேட்டார்.

ஆசிரியர் நியமனத்துக்கு, பாதர் கேட்டதற்காக அவர் தருவதாக இருந்த சிபாரிசுக் கடிதத்தை இனி நான் கேட்கப் போவதில்லை, அம்மா. எனக்கு வேலை கிடைத்ததும் நீங்கள் அங்கே வேலையை விட்டு ஊருக்கு வந்துவிடுவதாக இருந்தது. உங்களுக்கு வாங்கிய மெத்தையின் பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை.

உங்கள் மகள்