மொன்டானா கட்சி

டானர்ஸ் பெண்ட், பென்சில்வேனியா
டிசம்பர் 3, 1990

அன்புள்ள லென்னி அண்ணா,

நீ பத்திரமாகச் சான் பிரான்சிஸ்கோ திரும்பிப் போய்ச் சேர்ந்ததை அம்மா சொன்னாள். போனில் என்னைக் கூப்பிடச் சொல்லாமலே வைத்துவிட்டாய். நான் மாடியில்தான் இருந்தேன். இது புகார் இல்லை, தகவல்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். ஜனவரியில் எங்கள் வகுப்பில் பட்டிமன்றம். திமிங்கில வேட்டையைத் தடை செய்யலாமா என்று நான் தலைப்புக் கொடுத்தேன். பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு, ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக் யார்?’ என்று வைத்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஜோ மொன்டானா கட்சி விழுந்தது. அந்தக் காலத்துக் குவார்ட்டர்பேக் ஜானி யூனிடஸின் படத்தை அப்பா மாட்டி வைத்திருக்கிற வீட்டில் இருந்துகொண்டு நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

விளக்கத்தோடு ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியை மிஸ் ப்ரூயிட்டின் விதி. அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை முதலில் கையில் வாங்குகிறவன். எதிரிகள் தன்மேல் பாய்ந்து வரும்போதே, யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டியவன்.’ சரியா?

நன்றியறிதல் நாள் விருந்தில் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். குழாய் ஆலையில் அப்பா உனக்காகப் பேசி வைத்திருந்த வேலையை நீ வேண்டாம் என்றபோது, அவர் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் மொன்டானாவைத் திட்ட ஆரம்பித்தார். ஆற்றோரம் நமக்கு மேலே சில ஊர் தள்ளி வளர்ந்தவன், மேற்கே சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போய் ராஜாவாகிவிட்டான் என்றார். நீயும் விடவில்லை. கடைசியில், “அவ்வளவு பெரிய ஆளா அவன்? அப்ப அவன் ஊருக்கே போ. இங்க எதுக்கு உட்காந்திருக்க?” என்றார். நீ வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாய். இனிப்புக்குச் சுட்டு வைத்த பூசணி அப்பத்தை யாரும் வெட்டக்கூட இல்லை.

நேற்று இங்கே முதல் பனி. அப்பா விடிவதற்குள் எழுந்து, உன் பிக்கப் வண்டி நிற்கிற இடத்தை மண்வாரியால் சுத்தம் செய்து, நடுவில் சமையலறையின் பச்சை நாற்காலியைப் போட்டுவிட்டார். நாற்காலி இருக்கிற இடத்தில் நம் தெருவில் போலீஸ்கூட வண்டி நிறுத்தாது. எதிர்வீட்டு டுர்கோ அம்மாள் தன் மருமகனுக்கு அந்த இடத்தைக் கேட்டாள். கணப்புக்கு எண்ணெய் லாரி வரும் என்றார் அப்பா. நம் வீட்டுக் கணப்போ எரிவாயுவில் ஓடுகிறது.

உன் அன்புத் தங்கை,
பெர்னடெட்


சான் பிரான்சிஸ்கோ
டிசம்பர் 11

அன்புள்ள பெர்னி,

உன்னைக் கூப்பிடாதது தப்புதான். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். இருந்தார், எழுந்து போய்விட்டார் என்றாள். அதற்குமேல் பேச மனம் வரவில்லை.

உன் விளக்கம் சரி. இனி ஆயுதங்களை எழுதிக்கொள். சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் நான்கு ஆடினான், நான்கிலும் ஜெயித்தான். அந்த நான்கிலும் அவன் எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரி பிடித்ததில்லை. அப்பா இதற்கு என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மூன்றாவது இறுதி ஆட்டத்தில் தோற்கிற நிலைமை, சொற்ப நேரம்தான் பாக்கி, கிட்டத்தட்ட மைதானம் முழுவதையும் கடக்க வேண்டும். கூடி நின்ற தோழர்களிடம் கூட்டத்தில் இருந்த ஒரு சினிமா நடிகரைக் காட்டி, “அங்க பாருங்கடா” என்றானாம். பிறகு போய் ஜெயித்தான். அவ்வளவு நிதானம்.

எனக்கு அந்த நிதானம் இல்லை. மறுபடி அறை மாற்றியாகிவிட்டது, இந்த வருஷத்தில் இது மூன்றாவது. போன வருஷப் பூகம்பத்தில் ஆடிய வீடுகளுக்கு அடித்தளம் போடுகிற வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் வீட்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறேன்.

எண்ணெய் லாரி வந்ததா?

லென்னி


டானர்ஸ் பெண்ட்
டிசம்பர் 19

அன்புள்ள லென்னி அண்ணா,

எண்ணெய் லாரி வரவில்லை. நாற்காலி இருக்கிறது.

ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன். போன் என்றால் அப்பா எழுந்து போய்விடுகிறார். கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் நான் சத்தமாகப் படித்தால் உட்கார்ந்து கேட்கிறார். ‘பட்டிமன்றத்துக்காக’ என்று சொல்லிவிட்டுத்தான் படித்தேன்.

அவருடைய பதில்கள் இவை. யூனிடஸ் காலத்தில் எறிகிறவனை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். அடி வாங்கிக்கொண்டே எறிந்தான். தொடர்ந்து நாற்பத்தேழு ஆட்டங்களில் ஒன்றுகூடத் தவறாமல், எதிரியின் கோட்டைத் தாண்டி டச்டவுன் எறிந்திருக்கிறான். அடுத்து என்ன ஆடுவது என்பதை அவனே சொன்னான். “ஒன் ஆளுக்கு ஓரத்துல நின்னு ஒருத்தர் சொல்லிக் குடுக்கணும்.” (‘ஒன் ஆளு’ என்று என்னிடம்தான் சொன்னார். ஆனால் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.)

நான் நியாயமாக ஒரு கேள்வி கேட்டேன். யூனிடஸும் பிட்ஸ்பர்க்கில் பிறந்து இந்தப் பக்கத்தை விட்டுப் போனவர்தானே, பால்டிமோருக்குத்தானே ஆடினார் என்றேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அவன் போகல. நம்ம பிட்ஸ்பர்க் டீம்காரங்க தொரத்திவிட்டாங்க. ஒரு ஆட்டத்துலகூட எறக்காம அனுப்பிட்டாங்க. போறதும் தொரத்துறதும் ஒண்ணா?”

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அம்மா அவரையே பார்த்தாள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், புதுப் பனி எதுவும் விழாத இடத்தை மறுபடியும் வாரினார். திரும்பி வந்து, “வேற என்ன எழுதியிருக்கான்?” என்றார். அவ்வளவுதான் என்றேன். “அப்ப முதல்லேர்ந்து படி.”

வீட்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கிற வரிக்கு வந்ததும், அங்கே தலைக்கவசம் கொடுக்கிறார்களா என்று கேட்டார். கொடுக்கிறார்களா?

பெர்னடெட்


டானர்ஸ் பெண்ட்
ஜனவரி 21, 1991

அன்புள்ள லென்னி அண்ணா,

நியூயார்க் அணியோடு மொன்டானாவின் நேற்றைய ஆட்டம் உங்கள் ஊரிலேயே நடந்தது. நீ போயிருந்தாயா? இதைப் பள்ளிப் பேருந்தில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடும்.

அப்பா நியூயார்க்கை ஆதரிப்பார் என்று நினைத்திருந்தேன். யாரையும் ஆதரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. தொலைக்காட்சிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கடைசிப் பகுதியில் மொன்டானா பந்தோடு வலப்பக்கம் ஒதுங்கினான் அல்லவா? அவனைப் பின்னாலிருந்து ஒருவன் மோதினான். மொன்டானா எழுந்திருக்கவில்லை.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். அப்பா தொலைக்காட்சியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். “எந்திரிடா,” என்றார். மெதுவாகத்தான். “எந்திரி, பையா.” அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவனைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். “பின்னாலேர்ந்து வந்தான். இவன் பாக்கவேயில்ல,” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார், ஏதோ அவள் குறை சொன்ன மாதிரி.

கடைசி விநாடியில் நியூயார்க் ஜெயித்தது. அப்பா ஒரு கேலிகூடச் செய்யவில்லை. எனக்கு என்னவோ பயமாக இருந்தது.

உடனே எழுது.

பெர்னடெட்


சான் பிரான்சிஸ்கோ
ஜனவரி 21

அன்புள்ள பெர்னி,

ஆட்டத்தை மதுக்கடை வாசலில் நின்று பார்த்தேன். பெரிய ஆண்கள் அழுதார்கள். அறைக்கு வந்தும் உட்கார முடியாமல் மலைத் தெருக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அலுத்துவிட்டது. வயது வந்த இரண்டு பேர், முன்பின் பார்த்திராத இரண்டு மனிதர்களுக்காக ஒரு வீட்டை இரண்டாக்கினோம். போதும். அப்பாவிடம் சொல்லிவிடு: யூனிடஸ்தான். அவர் சொன்னது சரி. நான் ஒப்புக்கொள்கிறேன். இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

இது அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

லென்னி


டானர்ஸ் பெண்ட்
ஜனவரி 28

அன்புள்ள லென்னி அண்ணா,

நீ சமாதானமாக எழுதினாய் என்பது எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கு அது அப்படிப் போய்ச் சேரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் படித்தேன். “திரும்பப் படி,” என்றார். படித்தேன். “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான் என்றேன். “சரி,” என்றார். முட்டைக்கோசு நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை நல்ல பனி. அப்பா நம் படிகளை மட்டும் வாரினார். பிறகு தெருவுக்குப் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கால்களைத் துணியால் துடைத்து, மேஜையில் அதன் பழைய இடத்தில் போட்டார். மத்தியானம் டுர்கோ அம்மாளின் மருமகன் உன் இடத்தில் காரை நிறுத்திவிட்டான். அப்பா ஜன்னலிலிருந்து பார்த்தார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா யாரிடமெல்லாம் வாதம் செய்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாவிடம், உன்னிடம், என்னிடம், டுர்கோ அம்மாளிடம். ஆலையில் மேற்பார்வையாளர் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்றுதான் சொல்வார். வங்கிக்காரரிடம் ‘சரி’. வாசலில் நின்று புத்தகம் விற்பவரிடமும் ‘சரி’ என்றுவிட்டுக் கதவைச் சாத்துவார். நீ அவருக்கு ‘சரி’ என்று எழுதிவிட்டாய், அண்ணா.

பட்டிமன்றத்தில் நான் தோற்றுவிட்டேன். என் கட்சியைவிட எதிர்க்கட்சியின் வாதங்களை நான் நன்றாகச் சொன்னதாக மிஸ் ப்ரூயிட் சொன்னார். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீ மறுபடியும் மொன்டானா கட்சிக்கு வந்துவிடு. தயவுசெய்து. இந்த முறை எனக்கு எழுதாதே. அவருக்கே எழுது. பணிவாக எழுதிவிடாதே.

பெர்னடெட்


சான் பிரான்சிஸ்கோ
பிப்ரவரி 4

பெர்னி, உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய், ஒரு வீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். (தலைக்கவசம் உண்டு.) கீழே இருப்பது அப்பாவுக்கு. மடித்து அப்படியே கொடு.

அப்பா,

போன கடிதத்தில் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மொன்டானாதான். எலும்பு முறிந்து படுத்தாலும் மொன்டானாதான். நாற்பத்தேழு ஆட்டம் நாற்பத்தேழு ஆட்டம் என்கிறீர்களே, நான்கு கோப்பைக்கு ஒரு பதில் சொன்னீர்களா?

ஆலை வேலை எனக்கு வேண்டாம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் யூனிடஸைப் பற்றி ஒரு கேள்வி. அவனைத் துரத்தினார்கள் என்று சொன்னீர்கள். ஒப்புக்கொள்கிறேன். துரத்தியவர்கள் அப்புறம் ஒரு தடவையாவது அவனைத் திரும்பக் கூப்பிட்டார்களா? கூப்பிட்டிருந்தால் அவன் வந்திருப்பானா, மாட்டானா? இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள். பெர்னியை ஏவ வேண்டாம்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் லீவு கிடைக்கும்.

லென்னி


டானர்ஸ் பெண்ட்
பிப்ரவரி 11

அன்புள்ள லென்னி அண்ணா,

தாளைக் கொடுத்தேன். என்னைப் படிக்கச் சொல்லவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, விளக்கடியில் நின்றுகொண்டே படித்தார். முகம் சிவந்தது. “முட்டாப் பய,” என்றார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் கேட்ட நல்ல வார்த்தை அது.

சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எலும்பு முறிந்தவனை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சா என்றார். நான்கு கோப்பை என்றால் அதில் அவனைக் காத்து நின்ற தடுப்பு வரிசைக்காரர்களுக்குப் பங்கு இல்லையா என்றார். கேள்விக்கு வந்ததும் நின்றுவிட்டார். என்னிடம் இல்லை, அம்மாவிடமும் இல்லை, அடுப்பிடம் சொன்னார்:

“கூப்பிட மனசில்லாமயா இருந்தாங்க? கூப்பிடத் தெரியல அந்த ஆளுங்களுக்கு. அவ்வளவுதான்.”

இதை நான் எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று என் பேனாவை வாங்கிக்கொண்டார். இதுவரை மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். இன்னும் யூனிடஸின் முதல் வருஷத்திலேயே இருக்கிறார். அதனால் இதை முந்தி அனுப்புகிறேன்.

நடுவில் எழுந்து டுர்கோ அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டி, மருமகனைக் காரை எடுக்கச் சொன்னார். பச்சை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உன் இடத்தில் போட்டார். இங்கே ஒரு வாரமாக மழை. பனி பொட்டுக்கூட இல்லை. பனி இல்லாதபோது நாற்காலி போடுவது நம் தெரு வழக்கத்துக்கு விரோதம் என்று உனக்குத் தெரியும். டுர்கோ அம்மாள் குடையோடு வெளியே வந்துவிட்டாள்.

“மிஸ்டர் ஹுடாக், வாரித் தள்ளப் பனியே இல்ல. நாற்காலி எதுக்கு?”

“பையன் வர்றான்.”

“எப்ப?”

“ஈஸ்டருக்கு.”

“ஈஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கே, மனுஷா!”

அப்பா யோசித்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, உன் வண்டியின் நீளத்துக்குச் சரியாக நடுவில் வைத்தார். உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, எழுத உட்கார்ந்துவிட்டார்.

உன் தங்கை,
பெர்னடெட்