மூன்று வாரமாக நீலம்

பூம்பாறை, 5 ஜனவரி 1963, சனி

இன்றும் நீலம்தானாம். மூன்றாவது வாரம். கொடைக்கானலிலிருந்து பூண்டு லாரியில் வந்து இறங்கியதும் இவர் சொன்ன முதல் பேச்சே அதுதான். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் மருந்து சேர்த்துக் காய்ச்சுவார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். போன வருஷம் முழுக்கச் செங்கலாக வந்தவருக்கு இப்போது மட்டும் எப்படி நீலம்?

"தெனம் ஊசி போடுறவ நீதான. அது கேக்குது, அவ்வளவுதான்" என்கிறார்.

ஊசி கேட்கும். நாக்கு கேட்குமா?

ஆஸ்பத்திரிக்குப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர் இவரே. வழியில் ஓடை இருக்கிறது. இரண்டு கை தண்ணீர் கலந்தால் யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற வாத்தியாருக்கு இந்த யோசனை வராதா? பழனியில் பஞ்சாமிர்தக் கடையில் வளர்ந்தவள் நான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விரலை நக்குகிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

8 ஜனவரி

துவைக்க எடுத்த சட்டைப் பையில் கற்கண்டு! நான்கு கட்டி, தாளில் மடித்து.

"கை நடுங்குனா வாயில போட்டுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையே மருந்தாம். நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? அப்படியே அடுப்பில் போட்டேன்.

11 ஜனவரி

இனி பாட்டில் என்னுடையது. பழனிக் கடையை இப்போது பார்ப்பது தம்பி குருநாதன். பஞ்சாமிர்தத்துக்கு மலைத்தேன் வாங்கிப் பாட்டிலில் அனுப்புவது நான். காலி பாட்டில்கள் லாரியில் திரும்பி வரும். பரணில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. சிறுநீர் பிடித்த பாட்டிலை மறுபடி வீட்டுக்குள் விடமாட்டேன், அதனால் வாரத்துக்கு ஒன்று. குளிரில் கை விறைத்தது. பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி வைத்திருக்கிறேன்.

காலையில் பிடித்த கையோடு என்னிடம் தந்துவிட வேண்டும். தக்கை வைத்து, நூல் கட்டி, அரக்கும் வைத்துத் தருவேன். ஓடைத் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது, பார்க்கலாம்.

12 ஜனவரி, சனி

செங்கல் நிறம்!

சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பாவம். ஆனால் பட்டேன். இருபது யூனிட் ஊசியை இருபத்தெட்டாக ஏற்றியிருக்கிறார் டாக்டரம்மா.

14 ஜனவரி

சர்க்கரைப் பொங்கலைத் தொடவில்லை. என் எதிரில் தொடவில்லை.

19 ஜனவரி, சனி

மறுபடி செங்கல். ஊசி முப்பத்தாறு. காலை இட்லி மூன்றை இரண்டாக்கிவிட்டேன்.

"நான் ஒண்ணும் திங்கல வள்ளி. சத்தியமா."

"பாட்டில் பொய் சொல்லுமா?" என்றேன். போய்ப் படுத்துக்கொண்டார்.

22 ஜனவரி

ஊசி போட்டுச் சற்று நேரத்தில், இந்தப் பனியில் இவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கை நடுக்கம். "ஒரு கரண்டி சக்கரை குடு, வெரசா" என்றார். சர்க்கரை டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டேன். இட்லியைத் தின்றதும் தெளிந்துவிட்டார். பார்த்தாயா? எல்லாம் நடிப்பு.

நடிப்பில் வேர்க்குமா?

26 ஜனவரி

கொடியேற்றத்தில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன். கொடைக்கானல் கடைத்தெருவில் யார் இவருக்குத் தின்னக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

2 பிப்ரவரி, சனி



லாரியை விட்டு இறங்கி, இவர் வழக்கமாக உட்காரும் கிபாயத்துல்லா பாயின் மளிகைக் கடைக்குப் போனோம். பாய்க்கும் இதே வியாதி. பாய்தானா தின்னக் கொடுப்பவர் என்று கண்ணாடி ஜாடிகளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவர் சரிந்துவிட்டார். கண் செருகி, வாய் குழறி.

பாயின் மனைவி ஜாஹிதா சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். நான் — நான்தான் — அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். "கைய விடுங்கக்கா, மனுசன் போயிருவாரு!" என்று தட்டிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

பாய் தினமும் வீட்டிலேயே பரிசோதிப்பவர். அடுப்பறையில் ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் இருக்கின்றன. இவரை அங்கேயே சிறுநீர் பிடிக்கச் சொல்லிக் காய்ச்சினாள் ஜாஹிதா. நீலம். நீலமென்றால் சுத்த நீலம்.

"ஒங்க மருந்து பழசு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. காலையில் நான் வைத்த அரக்கை உடைத்து, அந்தப் பாட்டிலில் இருந்ததையும் காய்ச்சினாள். செங்கல். ஒரே மனிதர், ஒரே காலை.

என் பையில் மாற்றுக்கென்று ஒரு காலி பாட்டில் இருந்தது. நான் அலசியதுதான். அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குலுக்கி, கண்ணாடிக் குழாயில் மருந்தோடு ஊற்றி, விளக்கில் காட்டினாள். பச்சை, மஞ்சள், செங்கல்.

"ஏக்கா, தண்ணிக்குமா சக்கர வியாதி?"

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் தேன் உறைந்து ஒட்டிக் கிடந்தது.

டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. ஊசி மறுபடி இருபது. "நடுக்கம் வந்தா சக்கரை கொடுக்கச் சொல்லியிருந்தேனே, கொடுத்தீங்களா?" என்று கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "கொடுத்தாங்க" என்றார்.

3 பிப்ரவரி

அந்த மூன்று நீலமும் நிஜம். அவர் ஓடைப் பக்கமே போனதில்லை. நான்தான் தேனைக் கலந்து அனுப்பி, அதற்குத் தண்டனையாக ஊசியையும் என் கையாலேயே ஏற்றினேன். இரண்டு இட்லியைப் போட்டு. எப்படிப்பட்டவள் நான்!

11 பிப்ரவரி

விளக்கும் குழாயும் மருந்தும் வாங்கியாகிவிட்டது. இனி தினம் காலையில் வீட்டிலேயே. இவர் காய்ச்சுகிறார், நான் தள்ளி நிற்கிறேன். இன்று லேசான பச்சை. "பச்சை" என்று அவரே சொன்னார். இட்லி மூன்று வைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் கற்கண்டு போட்டுவிட்டேன். தொட்டுப் பார்த்தார். தாளைப் பிரித்து, அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்ணி வச்சிருக்கியா வள்ளி?"

இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐந்து.