உன் மகளுக்குத் தூக்கம் வரவில்லை, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ போனபின் என்னிடம் வளர்ந்த உன் மகள் பிரியாவுக்கும் உன் வியாதியே வந்திருக்கிறது. கன்னங்களில் அதே சிவப்புத் தடிப்பு, மூட்டுகளில் அதே வீக்கம். டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. தூக்கம் போய்விட்டது.

எங்கள் தாராவி வீட்டின் ஒற்றை அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். காரணமில்லாமல் சிரித்தாள், கேட்டால் அழுதாள். நீயும் இப்படித்தானே இருந்தாய்? "இவளுக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு, ஊருக்குக் கொண்டுபோயி மந்திரிக்கணும்" என்று அப்போது உன் மாமியார் உன்னைப் பற்றிச் சொன்னது உன் காதில் விழுந்ததா?

ஒரு காலையில் மாத்திரை அட்டை குப்பைக் கூடையில் கிடந்தது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணியிருக்க?"

"எனக்கு இந்த கோலி வேணாம் சித்தி, ஒரு மாத்திரையும் வேணாம். மண்டைக்குள்ள லோக்கல் டிரெயின் ஓடிக்கிட்டே இருக்கு. நான் பைத்தியமா ஆயிட்டேனா?"

நீயும், "இனிமேலாவது தூங்குதேன்" என்று சொல்லித்தான் மாத்திரையை நிறுத்தினாய். அந்த வாரமே வாந்தியும் மயக்கமுமாக விழுந்தாய். எழவே இல்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்த அதே செம்பூர் டாக்டரம்மாவிடம் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். நம் உடம்பே இந்த மாத்திரையைப் போல ஒரு ஹார்மோனைச் சுரக்கிறதாம். விடியும்போது ஏறி நம்மை எழுப்புமாம், இரவில் அடங்குமாம். பிரியா ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலம் மாத்திரை போட்டதால், படுக்கிற நேரத்தில் அவள் மூளைக்கு விடிந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும்கூட மருந்தால் வருவதுதான், பைத்தியம் இல்லை என்றார். ஆனால் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தானாகச் சுரப்பதை உடம்பு மறந்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

பிரியா என் பக்கம் திரும்பினாள். "அம்மாகிட்ட இத யாருமே சொல்லலையா சித்தி?"

தமிழ் தெரியாத டாக்டரம்மா, என்ன கேட்கிறாள் என்றார். மாத்திரையை எந்த நேரத்தில் போட வேண்டும் என்று மட்டும் இந்தியில் கேட்டேன்.

இப்போது காலை நாஷ்டா முடிந்ததும் மாத்திரை. அளவும் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கினாள், அக்கா! எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தேன். "சித்தி, தூங்க விடேன்" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

தட்டிவிடட்டும். டாக்டர் சொல்லாமல் அவள் மருந்து நிற்காது. அவள் கண் மூடாத நாளில் நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன்.

பிரியாவைப் பார்த்துக்கொள்ளும்
உன் தங்கச்சி செல்வி